நாற்பத்தொரு அவரை விதைகள்

"நேத்து டிவி தொடர்ல குறி சொல்றவங்க இடத்தைக் காட்டினாங்க, போலீஸ் போய்க் கைதியைப் பிடிச்சுது. அதைப் பார்த்துட்டு எங்க மேலதிகாரி என்னை இங்க விரட்டிட்டார், அபா," என்றான் இன்ஸ்பெக்டர் மர்லென். சிறையிலிருந்து தப்பிய அஸ்கத்தைத் தராஸ் நகரமே தேடியது. கண்டதும் சுட உத்தரவு.

"நானும் பார்த்தேன். அவளுக்கு மேக்கப்தான் ஜாஸ்தி." மூத்தவள் என்ற மரியாதையில் ஊரே 'அபா' என்று அழைக்கும் குறிகாரி உல்ஜான், குறி பார்க்கும் நாற்பத்தொரு அவரை விதைகளை விரிப்பில் பரப்பினாள். "சுடாம பிடிப்பேன்னு சத்தியம் பண்ணு, சொல்றேன்."

"சத்தியம்."

"நாளைக்குக் காலைல, நான் ரொட்டி பொரிக்கிற நேரம், இந்த வாசலுக்கே வருவான்."

மர்லென் சிரித்தான். ஆனாலும் மறுநாள் கதவுக்குப் பின்னால் காத்திருந்தான். எண்ணெய் மணக்கும்போதே அஸ்கத் வந்தான். உல்ஜான் அவனுக்கு ஒரு துண்டு ரொட்டி ஊட்டினாள். பிறகு அவன் கைகளைத் தானே பிடித்து விலங்குக்கு நீட்டினாள்.

"விதை இவ்வளவு துல்லியமா சொல்லுமா, அபா?"

"விதை என்னத்தச் சொல்லும்? தாயில்லாத இவனுக்குப் பால் கொடுத்தவ நான். அது உங்க ஃபைல்ல இருக்காது. இன்னிக்கு என் புருஷன் செத்து நாற்பதாம் நாள். தூக்கி வளர்த்த மனுஷன் நினைவா பொரிக்கிற ரொட்டிக்கு வராம இருப்பானா? சத்தியத்தை மறந்துடாதே, தம்பி."