பல்லியின் சொந்தப் புத்தி

கூடத்துச் சுவரில் குடியிருந்த பல்லிக்கு வீட்டுக்காரர் தணிகாசலத்தைக் கண்டாலே இளக்காரம். சகுனமாவது ஒன்றாவது என்று ஊரெல்லாம் பேசுவார் அவர். ஆனால் பேச்சுக்கு நடுவில் பல்லி ‘ச்சு ச்சு’ என்றால் போதும், விரல் தானாக நாற்காலிக் கட்டையைத் தட்டிவிடும். அப்போது வாயில் என்ன இருந்ததோ, அதுதான் முடிவு.

அன்று மேஜைமேல் இரண்டு கல்லூரி விண்ணப்பங்கள் இருந்தன.

“கப்பல் என்ஜினியரிங்தான்ப்பா படிப்பேன்,” என்றாள் மகள் மதிவதனி.

“இரும்மா, யோசிக்கணும்ல?” என்று பேனாவை உருட்டினார் தணிகாசலம்.

பல்லி பக்கத்திலிருந்த பழைய ட்யூப்லைட்டிடம் சொன்னது: “யோசிக்கிறாராம்! சொந்தப் புத்தி ஒரு பொட்டு கிடையாது. நான் வாயைத் திறந்தாத்தான் இவருக்கு முடிவே பிறக்கும்.”

“நீ எப்போ திறப்பே?”

“அது என் இஷ்டம்.”

“என் ஸ்டார்ட்டர் ‘டிக்’குன்னா திறப்பே. மூணு வருஷமா பார்க்கிறேனே.”

“உளறாதே! யோசிக்காம நான் ஒரு சத்தம் போட்டதில்லை.”

கீழே தணிகாசலம் முணுமுணுத்தார்: “கப்பலுக்கே அனுப்பலாமா… இல்ல, பக்கத்துத் தெரு காலேஜே போதுமா…”

ட்யூப்லைட் மினுக்கியது. டிக்.

‘ச்சு ச்சு’ என்றது பல்லி.

தணிகாசலத்தின் விரல் கட்டையைத் தட்டியது. பக்கத்துத் தெரு கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டார். “நல்லா யோசிச்சு எடுத்த முடிவும்மா,” என்றார். மதிவதனி மற்ற விண்ணப்பத்தை நான்காக மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

“பார்த்தியா,” என்றது பல்லி, “எப்படி நேரம் பார்த்துச் சொன்னேன்!”