நூறு முறை சுண்டிய நாணயம்

நேற்று வீட்டில் உட்கார்ந்து நூறு முறை நாணயம் சுண்டியதாகச் சொல்லி, புள்ளியியல் பேராசிரியர் கரும்பலகை நிறையத் தலை, பூ என்று எழுதி முடிக்கிறார். ஜன்னல் வெயிலில் சுண்ணப்பொடி மிதக்கிறது. “சுண்டாமலே எழுதுறவன் எங்க மாட்டுவான் தெரியுமா? ஒரே பக்கம் அஞ்சாறு தடவை சேர்ந்தாப்ல விழும்னு அவனுக்குத் தோணவே தோணாது!” என்று முழங்குகிறார். கடைசி பெஞ்சுக்காரி எழுகிறாள். “சார், உங்களுக்கும் மூணுக்கு மேல சேர்ந்து விழலியே?” வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. அழிப்பானைத் தேடும் பேராசிரியரின் கண், முதல் பெஞ்சில் இருக்கும் மகளிடம் போய் நிற்கிறது. நேற்றெல்லாம் அப்பா சோபாவில் குறட்டை விட்டதைப் பார்த்தவள் அவள். சிரிக்காமல், நிமிராமல், அந்தப் பொய் வரிசையை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.