தவணையில் ஒரு சோபா

"சோபா, கட்டில், சாப்பாட்டு மேஜை. மூணையும் தவணையிலயே போட்டுடுங்க" என்றாள் மருமகள், பர்னிச்சர் கடைக்காரரிடம்.

"அலமாரிய விட்டுட்டியே!" என்றாள் மாமியார்.

அவனுக்குத் தலை சுற்றியது. குழம்புக்கு உப்புப் போடுவதில்கூட ஒத்துப்போகாத அம்மாவும் மனைவியும் இன்று ஒரே கட்சி.

"வீட்டு லோனே இன்னும் கைக்கு வரலம்மா."

"அதான் அடுத்த வாரம் வந்துடும்னியே! உன் தங்கச்சி வீட்டுக்கு எதிர்வீட்ட வாங்கிட்டு, வெறுந்தரையிலயா உக்காருவ? மானம் போயிடும்டா!"

மானத்துக்குப் பயந்து நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"புதுசா கடன் வாங்கிட்டேன்னு லோனை நிறுத்திட்டாங்க. 'லோன் முடியற வரைக்கும் எதையும் கடன்ல வாங்காதீங்க'ன்னு ஆபீசர் போன மாசமே வீட்டுக்கு போன் பண்ணிச் சொன்னாராம்!"

"அப்படி ஒரு போனே வரலையே" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அவன் குளிக்கப் போனதும் மாமியார் புது சோபாவில் காலை நீட்டினாள்.

"நல்லவேளை, அந்த போனை நீ எடுத்த. நாம அந்த எதிர்வீட்டுக்குப் போயிருந்தா, என் பொண்ணு அந்த மூணு வாண்டுகளையும் தினம் நம்ம தலையில கட்டிட்டு ஊர் சுத்தியிருப்பா. ஆமா, அலமாரி எப்ப வருது?"