கால் முறிந்த இடம்

விடிந்ததும் விடியாததுமாக, கால்பந்து வீரனை அவன் அப்பாவும் மச்சானும் மைதானத்துக்குள் தூக்கி வந்தார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினைத் தள்ளிக்கொண்டே பதறி ஓடிவந்தார்.

"ஐயையோ, முழங்கால் பூசணிக்காயாட்டம் வீங்கியிருக்கே! ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க எதுக்குண்ணே?"

"போவோம், போவோம்," என்றார் அப்பா.

"கவலைய விடுங்க. கால் உடைஞ்சாலும் கிளப் ஒப்பந்தப்படி தம்பிக்கு அஞ்சு வருஷச் சம்பளம் உறுதியாமே! இந்த மெஷின்ல எனக்கு ரெண்டு விரல் போனப்ப, அரை நாள் கூலியப் பிடிச்சாங்க."

அப்பா மகனைக் கோல் கம்பத்தடியில் கிடத்தி, பூட்ஸ் மாட்டி, பக்கத்தில் ஒரு பந்தை உருட்டிவிட்டார்.

"இப்பக் கத்துடா."

"ஐயோ, கால் போச்சே!"

அப்பா புல் வெட்டுபவர் பக்கம் திரும்பினார். "இவன் விழுந்தது வீட்டு பாத்ரூம்ல. மைதானத்துல உடைஞ்சாத்தான் பணமாம். நீங்கதான் தம்பி சாட்சி."

புல் வெட்டுபவர் மெஷினை அணைத்தார்.

"அந்த அஞ்சு வருஷத்துல சாட்சிக்கு எத்தனை வருஷம்ண்ணே?"