தேர்வு மண்டபத்தின் பதினான்கு படிகள்

"படுத்துக்கொண்டே ஒரு சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்தவன் உலக வரலாற்றில் ஒருவன்கூடக் கிடையாது."

கல்கத்தா, மிர்சாப்பூர் தெரு மெஸ்ஸில் மீன்குழம்புச் சோற்றின் நடுவே நிருபேன் இதை அறிவித்தான். சிரிக்கவில்லை. ரோமாபுரி முதல் மொகலாயர் வரை யார் யார் எப்படி விழுந்தார்கள் என்பது இப்போது அவனுக்கு அத்துப்படி. அறைத்தோழன் தாரக் இரண்டு மாதமாக உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அன்று பி.ஏ. வரலாற்றுத் தேர்வு. நிருபேனுக்கு மூன்றாவது முயற்சி. இதுவும் போனால் சொந்த ஊரான பரிசாலுக்குத் திரும்பி, மாமாவின் சணல் கிடங்கில் காலம் தள்ள வேண்டியதுதான்.

"யாரையும் பரீட்சை எழுத விடக்கூடாதுன்னு காந்தியோட ஒத்துழையாமைக்காரங்க மண்டபத்துப் படியெல்லாம் படுத்திருக்காங்களாம்," என்று மறுபடியும் சொன்னார் சமையல்காரர்.

"தூக்கம் போதலை போல. எழுப்பாம தாண்டிப் போயிடறேன்."

தாரக் விடிந்ததுமே கிளம்பியிருந்தான். முதல் ஆளாகத் தேறப்போகிறவன் முதல் ஆளாகப் போவது நியாயம்தான்.

படிகள் பதினான்கு. தண்டவாளக் கட்டைகள் மாதிரி வரிசையாக ஆட்கள்.

நிருபேன் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதல் ஆளைத் தாண்டினான். பெருவிரல் ஒரு தோளில் உரசியது.

கை தானாக நீண்டு அந்தத் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவனிடம் யோசனை கேட்கவில்லை. இரண்டு வயதிலிருந்து பழகிய கை.

"பரவால்லண்ணே, நல்லா எழுதுங்க," என்றது தோள்.

அடுத்த படியில் ஒரு முழங்கை. தொட்டு ஒற்றினான். அதற்கடுத்ததில் ஒருவருடைய வயிறு. அதற்கு இரண்டு முறை. தெருவிலிருந்து பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

நழுவிய குடையை ஒருவர் படுத்தபடியே எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர் முழங்காலை மடக்கி, பாதம் வைக்க இடம் விட்டார். எல்லாரும் நல்லா எழுதச் சொன்னார்கள்.

போன இரண்டு முறையும் அவனுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. முடிவு எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பதினான்காவது படியில், வாசலை ஒட்டி, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தாரக் படுத்திருந்தான்.

"ஏன்டா லேட்டு? அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. மொகலாயர் கட்டாயம் வரும், அவுரங்கசீப்போட தக்காணப் போரை விட்டுடாத. ம், தாண்டு."

"நீ எழுதலையா?"

"உனக்குத்தான்டா மூணாவது தடவை. போ."

இந்த இரண்டு மாதத்தில் தாரக் தனக்காக ஒருநாளும் புத்தகத்தைத் திறக்கவில்லை. நிருபேன் அதைத் தலைக்கனம் என்று நினைத்திருந்தான். மெஸ்ஸில் சொல்லிச் சிரித்தும் இருந்தான்.

தாரக் உடம்பை ஒடுக்கிச் சுவரோடு ஒட்டினான். ஒரு பாதம் தாராளமாகப் போகும் இடம்.

திறந்த கதவு வழியாக மேசைகள் தெரிந்தன. உள்ளே போய் எழுதப்போகிற ஒவ்வொரு விடையும் இவன் குரலில்தான் நினைவுக்கு வரும்.

நிருபேன் குனிந்தான். இரண்டு கையாலும் தாரக்கின் பாதங்களைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

"இன்னும் கால் படவே இல்லையேடா," என்றான் தாரக்.

உள்ளே மணி அடித்தது.

நிருபேன் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, பிறகு மெல்ல மல்லாந்தான்.

"கொஞ்சம் தள்ளுடா," என்றான்.