இன்னும் முத்தலை

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குற்றாலம் போகிற வேனில் குத்தாலிங்கம் விசும்பி விசும்பி அழுதார்.

“அழாதீங்க அண்ணாச்சி. ஆபரேஷன் பண்ணின கண்ணு, தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா,” என்றார் வேனை ஓட்டிய ஜெபசிங்.

அழாமல் என்ன செய்வார்? சீசனுக்குச் சீசன் இதே வேனை ஓட்டியவர் அவர். கண்ணில் புரை விழுந்து, எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியாமல் போனபிறகுதான் ஜெபசிங்குக்கு விற்றார்.

“புரை இன்னும் முத்தலையாம். முத்தினாத்தான் எடுக்கணுமாம்.” நாலு வருஷமாக மனைவி இராமலட்சுமி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் பேசிவிட்டு வருவதும் அவள்தான்.

அவள் ஆலங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன சமயம் பார்த்து, ஜெபசிங்தான் அவரைத் தென்காசிக்கு அழைத்துப்போய் ஆபரேஷனை முடித்தார். இன்று கட்டுப் பிரித்த டாக்டர் போட்டு உடைத்துவிட்டார். “உடனே பண்ணணும்னு ஒங்க வீட்டம்மாகிட்ட அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“கட்டினவளே கழுத்தறுத்துட்டாளே, ஜெபசிங்! அவளைப் போயி நான் தெய்வமா நெனச்சேனே!”

நினைத்தது உண்மைதான். இவருக்குக் கண் மங்கிய வருஷம் அவள் கண்ணாடி வளையல்களைக் கழற்றிவிட்டு ரப்பர் வளையல் மாட்டிக்கொண்டாள். வீட்டில் அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதே அதன்பிறகு அவருக்குத் தெரிந்ததில்லை. ஆனாலும், ‘எனக்காக அவ அலங்காரத்தையே விட்டுட்டா’ என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனவர் மனுஷன்.

வேன் வீட்டு வாசலில் நின்றது. ஊரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த இராமலட்சுமி, கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏட்டி, டாக்டரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நாலு வருசமா என்னைக் குருடனாவே வச்சிருந்தியே, பாவி! நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்?” பெற்ற தாய் செத்தபோதுகூடக் குத்தாலிங்கத்துக்கு இப்படி வலித்ததில்லை.

புருஷன் பெண்டாட்டி சண்டையில் நமக்கென்ன வேலை என்று ஜெபசிங் நழுவப் பார்த்தார்.

“நீங்க போயிராதீங்கண்ணே,” என்றாள் இராமலட்சுமி. சொல்லிவிட்டு, குத்தாலிங்கத்தின் வலது கையையே பார்த்தபடி இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“வாயத் தொறந்து சொல்லுட்டி! ஏன் இப்படிச் செஞ்ச?”

“கண்ணு தெரிஞ்ச காலத்துல, நீங்க அடிச்ச அடி ஒண்ணுகூட தப்புனதில்லையே.”