ஜெபக் குறிப்பு

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தையல்காரி மோட்டாரை அணைத்துவிட்டு, துணிக்கட்டுகள் அடுக்கிய பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தினமும் பத்து நிமிடம், எதுவும் கேட்காமல் கர்த்தர் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். வீட்டிலும் மௌனம்தான்; ஆனால் அது கணவன் கொடுத்த தண்டனை, இது அவளாகத் தேடிக்கொண்டது. கழுத்தில் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்கிறாள். ஜன்னலோரம் சாம்பல் வெளிச்சத்தில் நூல்தூசி மிதக்கிறது. கூரையில் மழை ஓய்கிறது, மனசும் ஓய்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அந்த அமைதியில்தான் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்கிறது. மதிய இடைவேளையில் முற்றத்தில் கூடும், கூட வேலை செய்யும் பெண்களின் ஜெபக்குழு மழைக்குப் பயந்து இன்று அடுத்த அறைக்கு வந்திருக்கிறது. ஜெபிப்பது அண்ணி; இவள் தன் குறையை வாய்விட்டுச் சொல்லி அழுத ஒரே ஆள். "ஆண்டவரே, எங்க நாத்தனாருக்காக வேண்டிக்கிறோம். புருஷன் அவகிட்ட பேசி மூணு வருஷமாச்சு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, சோறு வேணும்னாக்கூட சீட்டுல எழுதி வைக்கிறாராம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணின்னு அழுதா. அதனால உம்மகிட்ட மட்டும் சொல்றோம்." பத்துப் பன்னிரண்டு வாய்கள் உச்சுக் கொட்டுகின்றன. இவளுக்குக் காது மடல் எரிகிறது. பொத்திக்கொள்ளலாம்தான், கை எழவில்லை. டேப் நழுவி விழுந்து தரை நெடுக அவிழ்ந்துகொண்டே போகிறது. "ஆமென்" என்கிறார்கள் எல்லோரும். பழக்கதோஷம், இவள் உதடும் "ஆமென்" என்று முணுமுணுத்துவிடுகிறது.